வஹீது பாயின் வாளை

கோட்டைமேட்டுத் துணிக்கடைகளில் அளவுக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று எல்லோருக்கும் பொதுவான மீட்டர். இன்னொன்று வஹீது பாய் முழம். பாவாடைத் துணிக்கு யாராவது ரொம்பவும் பேரம் பேசினால் கடைக்காரர் கேட்பார்: "மீட்டர்ல வெட்டட்டுங்களா, வஹீது பாய் முழத்துல வெட்டட்டுங்களா?" வஹீது பாய் முழத்தில் வெட்டினால் ஒரு பாவாடைத் துணியில் தெருவுக்கே பந்தல் போடலாம்.

முழத்துக்குச் சொந்தக்காரரான அப்துல் வஹீதுக்கு இதில் வருத்தம் எதுவும் கிடையாது. யாராவது அவர் முகத்துக்கு நேரே கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். "என்னங்க பண்றது, நான் சொல்லச் சொல்ல மீனு வளருது. ஆத்துல இருந்தப்பகூட அதுக்கு இவ்வளவு தீனி கெடச்சிருக்காது."

அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கிரைண்டர், மிக்சி, கிணற்று மோட்டார் என்று எது கருகினாலும் அவரிடம் வரும். கருகிய செப்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்து, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, ஓடவிட்டு, மேலே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு தெரியவில்லை என்றால்தான் திருப்பிக் கொடுப்பார். தொழிலில் அவர் ஒரு பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. பொய்யெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் மூங்கில் தூண்டிலோடு மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிடுவார். ஊருக்கு மேலே பவானி ஆறு பாறைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் ஒரு மடு அவருடைய இடம். மற்றவர்களுக்குக் கெண்டை கிடைக்கும், ஜிலேபி மீன் கிடைக்கும்; அவருக்குச் சில வாரம் ஒற்றைச் செருப்பு கிடைக்கும். ஆனால் அவர் போவது இவற்றுக்காக அல்ல. வாளைக்காக. செதில் இல்லாமல், வழவழவென்று, வாய் காதுவரை கிழிந்து, தன் நீளத்தில் பாதி இருக்கும் மீனையும் விழுங்கிவிடும் அந்த ஆற்று மீனில் ஆளுயரத்துக்கு ஒன்று அந்த மடுவில் இருப்பதாக அவருக்குத் திடமான நம்பிக்கை. யார் சொன்னார்கள் என்று கேட்டால், அவரேதான் சொல்லியிருந்தார்.

கனவிலும் அது வரும். கிரைண்டர் மோட்டார் ஒன்றைத் துடுப்பில் இடுக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்கும். "பாய், காயில் போயிருச்சுங்க, சாயங்காலத்துக்குள்ள வேணுமுங்க" என்று கேட்கும். வஹீது தலையைத் தூக்காமலே "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். விழித்ததும் நெற்றியில் அடித்துக்கொள்வார். கனவில் தேடி வந்த மீனைக்கூட மடக்கிப் பிடிக்கத் தெரியாதவன் ஆற்றில் போய் என்ன பிடிக்கப்போகிறான்?

இதையெல்லாம் வேறு யாரிடம் சொன்னாலும் செல்லும். அவர் மனைவி சாஜிதா பேகத்திடம் செல்லாது. அவள் மீன்காரர் வீட்டுப் பெண். தம்பி ஷாஹுல் இன்றைக்கும் உக்கடம் மார்க்கெட்டில் மீன்கடை வைத்திருக்கிறான். அப்படிப்பட்ட வீட்டில் பெண் கட்டிக்கொண்டு வஹீது ஒரு முறை ஒரு காரியம் செய்தார். வெறுங்கையோடு திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனன் கண்ணில் படாமல் மார்க்கெட்டின் கடைசி மூலைக்குப் போய் ஒரு கட்லாவை வாங்கி வந்து, "அரை மணி நேரம் போராட்டம், தோளே கழண்டுபோச்சு" என்று வீட்டு முற்றத்தில் போட்டார். சாஜிதா மீனின் செவுளைத் தூக்கி விரலை விட்டு ஒரு சின்ன ஐஸ் துண்டை எடுத்தாள்.

"ஏனுங்க, பவானியில இப்பெல்லாம் ஐஸ் மெதக்குதுங்களா?"

அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் சும்மா எடுத்துக்கொண்டதில்லை. மழை என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பாள். காய்ச்சல் என்றால் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். கரண்டு போய்விட்டது என்றால் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பாள். மோட்டார்க்காரரான அவருக்கு இந்தக் கடைசி விஷயம் மட்டும் கொஞ்சம் சுருக்கென்று குத்தும்.

உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றாறில், நோன்புப் பெருநாள் கழிந்த வாரம், சாஜிதா ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தபோது கம்பு உடைந்துபோயிற்று. அவள் பார்வை சுவரோரம் சாத்தியிருந்த தூண்டிலின் மேல் போய் நின்றது.

"நல்ல நீளமான கம்புங்க" என்றாள்.

"அதுல கை வெக்காதே."

"வெக்கலீங்க. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு நாளு. நீங்களே பிடிச்ச மீனு ஒண்ணு இந்த ஊட்டுக்குள்ள வரோணும். விரலத்தண்டி இருந்தாலும் போதும். இல்லீன்னா திங்கக்கிழமை இது ஒட்டடைக் கம்பு."

வஹீது சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு மீனெல்லாம் வேண்டாங்க. தம்பி கடையில இல்லாத மீனா? நீங்க சொல்றத ஒருக்கா நம்பிப் பாக்கோணும்னு இருக்குது. அவ்வளவுதான்."

தூண்டில் போனால் இன்னொரு மூங்கில் வெட்டிக்கொள்ளலாம். இந்தப் பேச்சைத்தான் வெட்டி எறிய முடியவில்லை. அந்த வாரம் முழுக்கக் கம்பி சுற்றும்போதெல்லாம் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மடுவுக்கு அவரோடு நஞ்சுண்டனும் வந்தார். காரமடைப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய் கறிவேப்பிலை வாங்கி லாரியில் ஏற்றுகிறவர் நஞ்சுண்டன். மீன் பிடிப்பதைவிட மீன் பிடிக்கும் இடத்தில் தூங்குவதில் அவருக்கு விருப்பம் அதிகம். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மரத்தடியில் படுத்துவிட்டார்.

வஹீது முள்ளில் கோழிக்குடலைக் கோத்துத் தண்ணீரில் விட்டுவிட்டு, தூண்டில் கம்பைப் பாறை இடுக்கில் செருகினார். மீதி நைலான் தூண்டில் நரம்பு, செப்புக் கம்பி சுற்றி வரும் ஒரு பழைய பிளாஸ்டிக் பாபினில் சுற்றியிருந்தது. மீன் இழுத்தால் பாபின் உருண்டு நரம்பு தானாக ஓடும். அவரே கண்டுபிடித்த ஏற்பாடு, அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. சாப்பிடக் கை வேண்டுமே என்று பாபினை லுங்கி இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு, தூக்குப்போசியைத் திறந்து எலுமிச்சம் சோற்றில் கை வைத்தார்.

அப்போதுதான் குரங்கு வந்தது. தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறியது. "ஏய், ஏய்" என்று வஹீது எழுந்து ஓட, இரண்டாவது அடியிலேயே யாரோ பின்னாலிருந்து லுங்கியைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் யாரும் இல்லை. நரம்பு விறைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போயிருந்தது. தூண்டில் கம்பு எப்போதோ ஆற்றில் விழுந்துவிட்டது. ஓடிய நரம்பு பாபினில் சிக்கி நின்றுபோக, லுங்கி மடிப்போடு மொத்தமும் ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

முள் ஏதோ மரவேரில் மாட்டி, அதைத் தண்ணீர் இழுக்கிறது என்றுதான் அவர் நினைத்தார். அந்த நேரத்தில் அவருடைய கவலை லுங்கியைப் பற்றியது மட்டுமே. ஏனென்றால் லுங்கி அவிழ்ந்துவிட்டது. உள்ளே இருந்தது தலையணை உறை தைத்ததில் மிஞ்சிய துணியில் சாஜிதா தைத்துக் கொடுத்த ரோஜாப்பூ போட்ட டிரவுசர். எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துவைப்பதை நிறுத்தியிருந்தார்கள். வஹீது லுங்கியின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆற்றோடு மல்லுக்கு நின்றார். இடுப்பளவு தண்ணீருக்குள் இழுபட்டார். வழுக்கி விழுந்தார். தண்ணீர் குடித்தார். விடவில்லை. ரோஜாப்பூவோடு கோட்டைமேடு போய்ச் சேர முடியாது என்ற ஒரே எண்ணம்.

"நஞ்சுண்டா! ஓடியாப்பா, லுங்கி போகுது!"

நஞ்சுண்டன் ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக லுங்கி கரைக்கு வந்தது. லுங்கிக்குப் பின்னால் நரம்பு வந்தது. நரம்புக்குப் பின்னால், வாய் காதுவரை கிழிந்து, வெள்ளி வயிற்றைத் திருப்பிக்கொண்டு, வாளை வந்தது.

வஹீதின் கழுத்திலிருந்து முழங்கால்வரை இருந்தது மீன். அவர் அதன் பக்கத்தில் படுத்தே பார்த்துவிட்டார்.

"பாய், என்ற பொண்டாட்டி மேல சத்தியமுங்க" என்றார் நஞ்சுண்டன். "லுங்கி விசயம் என்ற வாயில வராது. ஆறு ரெண்டாப் பொளந்துச்சு, நீங்க சிங்கமாட்ட நின்னீங்க. இதைத்தான் சொல்லுவேன். சாட்சிக்கு நானும் ஊட்டுக்கு வாரனுங்க."

வஹீதுக்குக் கண் கலங்கிவிட்டது. நட்பினாலா, வாயில் போன ஆற்றுத் தண்ணீராலா என்று சொல்ல முடியாது.

கறிவேப்பிலைச் சாக்கில் மீனைச் சுற்றி பஸ்ஸில் ஏற்றினார்கள். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்தார். "ஏனுங்க, குழந்தைக்கு எத்தனை வயசுங்க? அரை டிக்கெட்டா, முழுசா?"

பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "கிலோ என்ன வெலைக்கு வாங்குனீங்க?"

"வாங்கலீங்க. நான் பிடிச்சது."

"ஓ" என்று அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று வயதுப் பேரன் போலீஸாகப்போகிறேன் என்று சொன்னால் பெரியவர்கள் சொல்லும் "ஓ" அது.

காரமடையில் தேர்த் திருவிழா, நோம்பிக் கூட்டம். பஸ் அப்படியே நின்றுபோயிற்று. மாசி வெயில் கூரைத் தகரத்தில் இறங்கியது. வஹீது பழக்கதோஷத்தில் சாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு!

காயில் கட்டுகிறவனுக்கு உலகத்தில் ஒரே எதிரி சூடுதான். கையில் சூடு தெரிந்தால் அதற்கு மேல் அவர் மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். பஸ்ஸை விட்டு இறங்கி, நோம்பிக் கூட்டத்துக்கு சர்பத் விற்றுக்கொண்டிருந்தவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பாளம் ஐஸ் வாங்கி வந்தார். உடைத்து, செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் திணித்து, மேலே ஈரத்துண்டு போட்டார். மறுபடி கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

"காயிலாட்டவே பாத்துக்கறீங்க பாய்" என்றார் நஞ்சுண்டன். வஹீது பெருமையாகத் தலையாட்டினார்.

உக்கடத்தில் இறங்கி, மார்க்கெட்டின் வாடை மூக்கில் ஏறியபோதுதான் தான் செய்துவைத்த காரியம் அவருக்கு உறைத்தது. அதே இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் செவுளிலிருந்து ஐஸைத் தோண்டி எறிந்தார். அந்த வழியாகப் போன கோட்டைமேட்டுக்காரர் ஒருவர் நின்று விசாரித்தார்: "என்ன பாய், இன்னிக்கு வாளையா வாங்கியிருக்கீங்க?"

வீட்டில் ஷாஹுலும் இருந்தான். கடையை மூடிவிட்டு அக்கா வீட்டுச் சோற்றுக்கு வந்திருந்தான். சாக்கைப் பிரித்ததும் அக்காளும் தம்பியும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சாஜிதாவின் முகம் வஹீது இத்தனை வருஷம் கனவு கண்டபடியே மலர்ந்தது. பிறகு அவள் குனிந்து செவுளைத் தூக்கினாள். விரலை விட்டாள். நகக்கண் அளவுக்கு ஒரு ஐஸ் துணுக்கு. அதை எடுத்துத் தரையில் வைத்தாள். நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருக்க அது கரைந்து தண்ணீரானது.

"ஐஸ் மீனு மச்சான்" என்றான் ஷாஹுல், டாக்டர் மாதிரி.

"காரமடையில பஸ் நின்னுபோச்சு. வெயிலு. சர்பத்துக் கடையில..."

"சர்பத்துக் கடையில மீனுக்கு ஐஸ் வாங்குனீங்க" என்றாள் சாஜிதா. அவள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

நஞ்சுண்டன் முன்னால் வந்தார். "அம்மணி, நான் கண்ணால பாத்தனுங்க. ஆறு ரெண்டாப் பொளந்துச்சு. பாய் பாறை மேல நின்னாரு பாருங்க, அசையல. தண்ணிக்குள்ள இந்த மீனு இதுக்கு ரெண்டு மடங்கு இருந்துச்சுங்க!"

ஷாஹுல் மீனைப் பார்த்தான், நஞ்சுண்டனைப் பார்த்தான். "மீதிப் பாதிய எங்கீங்க விட்டுட்டு வந்தீங்க?"

"தண்ணிய விட்டு எடுத்தாச் சுருங்குமுங்க."

"நூல் சேலைங்களா?"

வஹீது முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். லுங்கி இன்னும் ஈரமாக இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு மீன் பிடித்திருக்கிறார், அதையும் அவரே ஐஸ் வைத்து மார்க்கெட் மீனாக மாற்றிவிட்டார். இப்படி ஒரு திறமை வேறு யாருக்கு வரும்?

"சரி விடுங்க" என்றார். "வாங்குனதுதான்."

சாஜிதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எந்தக் கடையில?"

அவர் லுங்கி நுனியைப் பிழிந்தார். ஷாஹுலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னிக்கு மார்க்கெட்டுல வாளையே எறங்கலீங்க மச்சான். இத்தாப் பெருசு எறங்கியிருந்தா எனக்குத் தெரியாமயா? எவன்கிட்ட வாங்குனீங்க, சொல்லுங்க."

"மேட்டுப்பாளையத்துல."

"மேட்டுப்பாளையத்துல யாருகிட்ட?"

"ஒருத்தர்கிட்ட."

"கறுப்பா, செவப்பா?"

வஹீது தரையைப் பார்த்தார். சாஜிதா மீனை விட்டுவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"பிடிக்காத மீனுக்கு ஒரு மணி நேரம் கதை சொல்லுவீங்க. காத்து எந்தப் பக்கம் அடிச்சுது, காக்கா எங்க உக்காந்திருந்துது, எல்லாம் வரும். இன்னிக்கு வாயே தொறக்க மாட்டீங்கறீங்களே? ஆத்துல என்னதானுங்க நடந்துச்சு?"

நஞ்சுண்டன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். சிங்கம் மாதிரி நின்ற கதை தயாராக இருந்தது. வஹீது அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தபோது வேறொன்று வந்தது.

"குரங்கு சோத்தத் தூக்கிட்டுப் போச்சு" என்றார். "நான் தொரத்துனேன். லுங்கி அவுந்துபோச்சு."

ஷாஹுல் சுவரைப் பிடித்துக்கொண்டான். சாஜிதாவின் முகம் மட்டும் அசையவில்லை. "எதுக்கு அவுந்துது?"

"பாபினை இடுப்புல சொருகியிருந்தேன். மீனு இழுத்துது. மீனுன்னு எனக்குத் தெரியாது. வேருல மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

"அப்பறம் எதுக்கு இழுத்தீங்க?"

"லுங்கிக்குத்தான்."

"மீனுக்கு இழுக்கல?"

"இல்ல. மீனு கூட வந்துது."

"உள்ளார என்ன போட்டிருந்தீங்க?"

வஹீது நஞ்சுண்டனை ஒரு முறை பார்த்தார். நஞ்சுண்டன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ தெச்சுக் குடுத்தியே. ரோஜாப்பூ போட்டது."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"எதுத்த கரையில பொம்பளைங்க துணி தொவச்சுட்டு இருந்தாங்க. ஒருத்தி கை தட்டுனா."

அதற்கு மேல் சாஜிதாவால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, இருமல் வந்து, நஞ்சுண்டன் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆகிவிட்டது. குடித்து முடித்ததும் அவள் தம்பியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஷாஹுலு, இது இவரு பிடிச்ச மீனுதான். அரிவாமணைய எடு."

"அக்கா, ஐஸு?"

"சர்பத்துக் கடை ஐஸு. அதான் சொன்னாரில்ல."

"எப்படிக்கா நம்பறே?"

"கட்டிக்கிட்ட நாள்ல இருந்து இவரு மீன் கதையக் கேட்டுட்டு இருக்கறேன். ஒரு பொய்யிலயாச்சும் இவரு லுங்கி அவுந்து நான் கேட்டதில்ல."

மீனை அறுக்கத் தொடங்கினார்கள். வஹீது படியை விட்டு எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதை அவள் நம்பிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாமல், சுவிட்சைப் போட்டுப் பார்க்காமல், வெறும் சொல்லை நம்பிவிட்டாள். அந்த நிறைவின் நடுவில், ஷாஹுலை வீட்டில் காணோம் என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அவன் தெருமுனை டீக்கடையில் இருந்தான். அங்கிருந்து ஒரு பெரிய சிரிப்பு எழுந்து வந்தது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கோட்டைமேடு முழுக்க அவரை நம்பிவிடும், ரோஜாப்பூ உட்பட.

போகட்டும் என்று நினைத்துக்கொண்டார். நம்பிக்கை வேண்டும் என்று கேட்டாயிற்று, அதில் பாதி வேண்டும் பாதி வேண்டாம் என்றால் முடியுமா?

அடுக்களையில் எண்ணெய் காய்ந்து, நஞ்சுண்டன் சாக்கிலிருந்து உதறிக் கொடுத்த கறிவேப்பிலை பொரிந்தது. சாஜிதா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வந்து உக்காந்து இன்னொருக்கா சொல்லுங்க. குரங்கு வந்ததுல இருந்து."

வஹீது போய் அடுக்களை வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அது ஒண்ணும் அப்படிப் பெரிய குரங்கில்ல" என்று ஆரம்பித்தார்.